குருதி காட்டும் குறிகள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இசையும் நாடகமும் நிகழ்கின்ற இம்மேடையில் நோயைப் பற்றிப் பேச எழுபவனை அவை மகிழ்ந்து வரவேற்காது என்பதை யான் அறிவேன். ஆயினும், செயலாளர் அவர்கள் இப்பொருளையே பேச வேண்டும் என்று பணித்துவிட்டார்கள். அதற்குக் காரணம் என் கல்வி அன்று. பள்ளியிறுதி வகுப்புத் தேறி, இரயில்வே அலுவலகத்தில் ஏடெழுதிப் பிழைப்பவன் யான்; மருத்துவம் பயின்றவன் அல்லேன். என் தமையனார்க்குச் சிறுநீரகம் பழுதுபட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அன்று முதல் வாரத்திற்கு மூன்று நாள் யானோ, என் மனைவியோ, என் மகனோ அவரோடு டயாலிசிஸ் நிலையத்திற்குச் சென்று காத்திருக்கிறோம். அங்கே மருத்துவர்களைக் கேட்டும், கிடைத்தவற்றைப் படித்தும் அறிந்தவற்றையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன். நாகபுரியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இத்துன்பத்தை அறிந்த இல்லங்கள் வேறு சிலவும் உள்ளன. அவற்றிற்கேனும் இவ்வுரை பயன்படுமாயின் யான் பெரிதும் மகிழ்வேன்.

நலமுள்ள சிறுநீரகம் ஓய்வறியாதது. வாரத்தின் 168 மணி நேரமும் குருதியைத் தூய்மை செய்துகொண்டே இருக்கும். அது கைவிட்டபின் எந்திரத்தை நாடுகிறோம். அவ்வெந்திரம் ஒரு முறைக்கு 4 மணி நேரமாக, வாரத்திற்கு 12 மணி நேரமே உழைக்கிறது. எஞ்சிய 156 மணி நேரத்தில் உடலிற் சேரும் நீரையும், உப்பையும், கழிவையும் தாங்க வேண்டியது எது? இதயமே தாங்க வேண்டும். சிறுநீரகத்தின் சுமை இதயத்தின் தோளில் ஏறுகிறது. என் உரையின் தொடக்கம் இதுதான்.

1943-ஆம் ஆண்டில், உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஹாலந்து நாட்டின் காம்பென் என்னும் ஊரில் வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் செயற்கைச் சிறுநீரகம் ஒன்றை அமைத்தார். இறைச்சிக்கு உறையாகப் பயன்பட்ட செலோபேன் குழாயை ஓர் உருளையின்மேற் சுற்றி, அதன் வழியே குருதியை ஓடவிட்டு அவர் தூய்மை செய்தார். நெருக்கடியான சில நாள்களைக் கடப்பதற்கு அக்கருவி உதவியதே அன்றி, ஆண்டுக்கணக்கில் வாழ வழி செய்யவில்லை. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்பவர், டெஃப்லான் குழாயை நோயாளியின் கையிலேயே நிலையாகப் பொருத்தி, வேண்டும்போதெல்லாம் குருதியை வெளிக்கொணரும் வழியைக் கண்டார். அம்முறையால் வாழ்வு பெற்ற முதல் நோயாளர் ஓர் எந்திரத் தொழிலாளி. சில நாள்களில் முடிந்திருக்க வேண்டிய அவர் வாழ்வு பதினோர் ஆண்டுகள் நீண்டது. 1971-இல் அவர் மறைந்தார். அவரைக் கொண்டுசென்றது சிறுநீரகம் அன்று, மாரடைப்பு. பின்னர் 1974-இல் ஸ்க்ரிப்னரும் அவருடைய தோழர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நெடுநாள் டயாலிசிஸ் பெறுவோரின் தமனிகளில் அடைப்பு விரைந்து வளர்கிறது என்பதே அதன் செய்தி.

முதல் நோயாளர்க்கு நேர்ந்தது அவரோடு முடியவில்லை. டயாலிசிஸ் பெறுவோர் இதய நோயால் இறக்கும் அளவு, மற்ற மக்களைவிடப் பத்து முதல் இருபது மடங்கு மிகுதி என்று 1998-இல் அமெரிக்கப் புள்ளிகளைக் கொண்டு அறிஞர்கள் காட்டினர். ஆதலின், டயாலிசிஸ் பெறுவோரைக் காத்தல் என்பது அவர்தம் இதயத்தைக் காத்தலேயாகும். இதயத்திற்கு வரவிருக்கும் இடரை முன்கூட்டியே உணர்த்தும் குறிகள் குருதியில் உண்டோ எனின், உண்டு. ஆனால் அவற்றைப் படிக்கும் முறை வேறு.

நம்மில் பெரும்பாலோர் இரயில்வேக் குடும்பத்தினர். ஆதலால் நாம் அறிந்த ஒன்றையே எடுத்துக்காட்டாகச் சொல்வேன். பாதையோரத்து மஞ்சள் விளக்கு வண்டியை நிறுத்துவதில்லை; அடுத்த விளக்கில் நிற்க வேண்டியிருக்கும் என்று ஓட்டுநரை விழிப்பிக்கிறது. வண்டியை அடக்க வேண்டியவர் ஓட்டுநரே. குருதிக் குறிகளும் அத்தகையனவே. குறி ஏறியிருப்பது கண்டு நிலைகுலைவதும் தவறு. எப்போதும் எரியும் விளக்குத்தானே என்று கடந்து போவதும் தவறு.

முதலாவது குறி டிரோபோனின். இஃது இதயத் தசையினுள் உறையும் ஒரு புரதம். தசை புண்படும்போது குருதியிற் கசியும். மாரடைப்பைக் கண்டறிய மருத்துவர் நாடுவது இதனையே. டிரோபோனின் டி என்னும் வகையை நுண்ணிய முறையில் அளக்கும்போது, லிட்டருக்கு 14 நானோகிராம் என்பதை நலமுடையோர்க்குரிய எல்லையாகக் கொள்வர். டயாலிசிஸ் பெறுவோரில் மிகப் பலர்க்கு, மாரடைப்பு ஏதுமின்றியே இவ்வெண் அவ்வெல்லையைக் கடந்து நிற்கும். அதனால் அது பொய்க் குறி என்று ஒருகாலத்தில் எண்ணினர். 2002-இல் அமெரிக்காவில் 733 நோயாளரிடம் செய்த ஆய்வு அவ்வெண்ணத்தை மாற்றிற்று. நெஞ்சுவலி இல்லாதபோதும் எவர்க்கு டிரோபோனின் டி உயர்ந்திருந்ததோ, அவர்களே அடுத்த சில ஆண்டுகளில் மிகுதியாக இறந்தனர். ஆதலின் அக்குறி பொய்யன்று. மெல்ல மெல்லத் தேயும் இதயத்தின் உண்மைக் குரலே. 2004-இல் அமெரிக்க உணவு மருந்து ஆணையமும் டயாலிசிஸ் பெறுவோரின் இடர் நிலையை அளக்க இச்சோதனையைப் பயன்படுத்தலாம் என்று இசைந்தது.

இதன் பயனை எங்கள் இல்லத்திலேயே கண்டோம். ஒரு நாள் இரவு தமையனார்க்கு மூச்சுத் திணறியது. அவசரப் பிரிவுக்கு விரைந்தோம். டிரோபோனின் 64 என்று வந்தது. எல்லையைப் போல் நான்கு மடங்குக்கும் மேல்! அண்ணியார் தரையில் அமர்ந்துவிட்டார். பணியிலிருந்த மருத்துவர், ‘இவருடைய பழைய கணக்கு ஏதேனும் உண்டா?’ என்று வினவினார். ஏடெழுதுவது என் தொழில் ஆதலின், அவருடைய சோதனை எண்கள் அனைத்தையும் நாள் குறித்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். மருத்துவர் பக்கங்களைப் புரட்டினார். ஆறு திங்களுக்கு முன் 61. அதற்கு முன் 58. மூன்று மணி நேரம் கழித்து மீண்டும் குருதி எடுத்தார். 66 என்று வந்தது. இதயத் துடிப்புப் படத்திலும் புதிய மாறுதல் இல்லை. ‘இது மாரடைப்பு அன்று, மாரடைப்பாயின் இவ்வெண் மணிக்கு மணி தாவி ஏறியிருக்கும். உடலில் நீர் மிகுந்ததே காரணம்’ என்று கூறி உடனே டயாலிசிஸ் செய்வித்தார். விடியுமுன் திணறல் தணிந்தது. உயர்ந்தே நிற்கும் எண்ணிலிருந்து சில மணி நேரத்தில் 20 விழுக்காட்டிற்கு மேல் மாறினால்தான் புதிய ஊறு நேர்ந்ததாக ஐயுறுவர் என்பதைப் பின்னர் அறிந்தேன். ஓர் எண் தனித்து நின்றால் அச்சந்தான் தரும். பழைய எண்ணின் அருகே வைத்தால்தான் பொருள் தரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நெஞ்சுவலியோ, மூச்சுத் திணறலோ, காரணமறியாச் சோர்வோ வந்தால், குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டு வீட்டில் இருத்தல் கூடாது. நீரிழிவு உடையோர்க்கு வலியின்றியும் மாரடைப்பு வரும். ஏட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைக. அதைப் படித்து முடிவு செய்பவர் மருத்துவரே.

இரண்டாவது குறி பி.என்.பி. என்பது. 1988-இல் சப்பானிய அறிஞர்கள் பன்றியின் மூளையில் இதனைக் கண்டமையால் மூளையின் பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டது. உண்மையில் இதனை மிகுதியாகச் சுரப்பது இதயமே. உடலில் நீர் தேங்கி, இதயச் சுவர் இழுபட்டு விரியும்போது இது குருதியில் மிகும். டயாலிசிஸ் பெறுவோர்க்கு இவ்வெண்ணும் இயல்பாகவே உயர்ந்து நிற்கும். அவரவர் பழைய எண்ணோடு ஒப்பிட்டே காண வேண்டும். இக்குறி சொல்லும் செய்தியை நாள்தோறும் செலவின்றிச் சொல்லும் கருவி ஒன்று நம் வீட்டிலேயே இருக்கலாம். அது நிறைபார்க்கும் எந்திரம். ஒரு டயாலிசிசுக்கும் மறு டயாலிசிசுக்கும் இடையே ஏறும் எடை பெரும்பாலும் நீரே. நாகபுரியின் கோடையில் வெப்பம் 45 பாகையைத் தொடும்போது நீர் வேட்கையை அடக்குதல் எளிதன்று. ஆனால் அவ்வேட்கையை வளர்ப்பது வெயில் மட்டும் அன்று, உப்பும் வளர்க்கிறது. ஊறுகாயும், அப்பளமும், கருவாடும் இலையை விட்டு நீங்கினால் தாகமும் ஓரளவு நீங்கும். ‘தண்ணீர் குடியாதே’ என்று நோயாளியைக் கடிந்துகொள்வதைவிட, உப்பைக் குறைத்துச் சமைப்பது அன்புடைய செயல்.

மூன்றாவதாக, இரண்டு குறிகளைச் சேர்த்துச் சொல்வேன். ஒன்று சி.ஆர்.பி.; மற்றொன்று அல்புமின். சி.ஆர்.பி. 1930-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிலையத்தில் நுரையீரல் அழற்சி நோயாளரின் குருதியிற் கண்டறியப்பட்டது. உடலில் எங்கேனும் அழற்சி கனன்றுகொண்டிருந்தால் இது மிகும். இது மிகுந்திருக்கும் டயாலிசிஸ் நோயாளரிடையே இதய நோயால் நேரும் இறப்பும் மிகுதி என்பதை 1999-இல் கண்டனர். இது மிகின் நெருப்பு எங்கே என்று தேட வேண்டும். கழுத்திற் பொருத்திய குழாயா, சொத்தைப் பல்லா, நீரிழிவால் ஆறாத காற்புண்ணா என்று பார்த்தல் வேண்டும். இவற்றுள் பலவற்றைத் தீர்க்க வழியுண்டு.

அல்புமின் என்பது குருதியிலுள்ள புரதம். சோதனைச் செலவு குறைந்தது. ஆதலின் மதிப்பும் குறைந்ததென எண்ணிவிடுகிறோம். 1990-இல் அமெரிக்காவில் பல்லாயிரம் டயாலிசிஸ் நோயாளரின் கணக்கைப் பார்த்தபோது, டெசிலிட்டருக்கு 4 கிராமுக்குக் கீழே அல்புமின் இறங்க இறங்க, இறப்பின் இடர் ஏறிக்கொண்டே சென்றது தெரிந்தது. இதில் நம் வீடுகளில் ஒரு குழப்பம் உண்டு. சிறுநீரகம் தளரத் தொடங்கிய காலத்தில், ‘பருப்பையும் முட்டையையும் குறையுங்கள்’ என்று மருத்துவர் சொல்லியிருப்பார். டயாலிசிஸ் தொடங்கியபின் அவரே, ‘புரதத்தைக் கூட்டுங்கள்’ என்பார். முன்னதை மட்டும் நினைவில் வைத்து, கஞ்சியும் இரசமுமாக நோயாளியை மெலிய விடும் குடும்பங்களை யான் கண்டிருக்கிறேன். டயாலிசிஸ் பெறுவோர்க்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பர். அழற்சியாலும் அல்புமின் இறங்கும். ஆதலின் உணவு மட்டுமே காரணம் என்று சமைப்பவரைக் குறை கூறவும் வேண்டா.

நான்காவது பாஸ்பரஸ். இஃது எலும்புக்கு உறுதி தருவது. சிறுநீரகம் பழுதானபின் வெளியேற வழியின்றிக் குருதியிலே தங்கிச் சுண்ணத்தோடு கூடி, தமனிச் சுவரை எலும்பைப் போல் இறுகச் செய்கிறது. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், டயாலிசிஸ் பெற்றுவந்த 20 முதல் 30 வயதுக்குட்பட்ட 16 பேரில் 14 பேரின் இதயத் தமனிகளில் சுண்ணம் படிந்திருந்தது. இருபது வயது இளைஞர்க்கு முதியோரின் தமனி! டெசிலிட்டருக்கு 6.5 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸ் உள்ளோரிடம் இறப்பின் இடர் 27 விழுக்காடு மிகுதி என்று 1998-இல் கண்டனர். இதனைக் குறைக்கத் தரும் மாத்திரை, உணவில் உள்ள பாஸ்பரசைக் குடலிலேயே பற்றிக்கொள்வது. ஆதலின் உணவோடு சேர்த்து விழுங்கினால்தான் பயன். படுக்கப் போகும்போது நினைவு வந்து வெறும் வயிற்றில் விழுங்கினால் அது வேலையற்ற வேலையாள் ஆகிவிடும். நிறமூட்டிய கோலாப் பானங்களிலும், பொட்டலங்களில் வரும் பதப்படுத்திய உணவுகளிலும் சேர்க்கும் பாஸ்பேட்டு உப்புக்கள் விரைவில் குருதியிற் கலப்பன. அவற்றை விலக்குதல் நலம்.

ஐந்தாவது பொட்டாசியம். முன் சொன்னவை ஆண்டுக்கணக்கில் தீங்கு செய்வன. இதுவோ ஒரே இரவில் செய்வது. இது மிகின் இதயத்தின் துடிப்பு நெறி பிறழ்ந்து, திடீரென நின்றும் போகும். இங்கே நம் ஊரின் பெருமையைப் பற்றி ஒரு சொல். நாகபுரியில் நோயாளியைக் காணச் செல்வோர் கூடை நிறைய ஆரஞ்சுப் பழம் வாங்கிச் செல்வது வழக்கம். இளநீர் கொண்டுசெல்வது நாம் ஊரிலிருந்து கொணர்ந்த வழக்கம். டயாலிசிஸ் பெறுவோர்க்கு இவ்விரண்டும் பொட்டாசியச் சுமை. அன்போடு கொண்டுசெல்லும் கூடை அவர்க்கு ஊறு செய்யலாம். கடைகளில் ‘சோடியம் குறைந்தது’ என்று விற்கும் உப்பும் அவ்வாறே. அதில் சோடியத்திற்கு ஈடாகப் பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பர். காய்களையும் கிழங்குகளையும் நறுக்கி, நிறைந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டுச் சமைப்பது நல்ல முறை.

டயாலிசிஸ் நாள் தவறுவதன் தீமையும் இதனோடு சேர்ந்ததே. வாரத்தில் மூன்று நாள் என்னும் முறையில், இரண்டு நாள் இடைவெளி ஒரு முறை வந்தே தீரும். 2011-இல் அமெரிக்காவில் 32,065 நோயாளரின் கணக்கைப் பார்த்தனர். அந்நீண்ட இடைவெளிக்குப் பிந்திய நாளில் இறப்பு 100 நோயாளர்-ஆண்டுக்கு 22.1, ஏனைய நாள்களில் 18.0. முறையாக வரும் இடைவெளியே இத்துணை இடர் தருமாயின், நாமாக ஒரு நாளைத் தவறவிட்டால் என்ன ஆகும்? நம் குடியிருப்பு நண்பர் ஒருவர்க்கு ஊரில் தாயார் காலமானார். செய்தி வந்த இரவே வண்டி ஏறிவிட்டார். தாய்க்குக் கொள்ளியிடச் செல்லும் மகனைத் தடுக்க எவர்க்கு நாவெழும்? கருமங்கள் முடியும்வரை இரண்டு முறை டயாலிசிஸ் தவறிற்று. திரும்பி வந்து நிலையத்தில் இறங்கியபோது கால்கள் தளர்ந்து நடக்க இயலவில்லை. பொட்டாசியம் 7.2. நிலையத்திலிருந்து நேரே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றமையால் பிழைத்தார். அவரைப் போகாதே என்று தடுத்திருக்க வேண்டியதில்லை. அவர் வண்டியில் இருந்த நேரத்தில், அவர் ஊருக்கு அருகிலுள்ள மருத்துவமனை ஒன்றில் அவர்க்கு ஓரிடம் கேட்டு வைக்க நம்மில் ஒருவர் முயன்றிருந்தாலே போதும்.

இறுதியாகக் கொலஸ்ட்ராலைப் பற்றிச் சில சொற்கள். இதய நோய் என்றவுடன் அனைவரும் கேட்பது அதனையே. மற்றவர்க்கு அது நல்ல குறி. டயாலிசிஸ் பெறுவோர்க்கு அவ்வளவு தெளிவான குறி அன்று. 2005-இல் செருமனியில் நீரிழிவுடைய 1,255 நோயாளரிடமும், 2009-இல் பல நாடுகளைச் சேர்ந்த 2,776 நோயாளரிடமும் கொழுப்பைக் குறைக்கும் மருந்தைச் சோதித்தனர். பின்னதில் தீய கொழுப்பு 43 விழுக்காடு குறைந்தது. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் இதய இறப்பும் சேர்ந்த கணக்கில் சொல்லத்தக்க குறைவு தோன்றவில்லை. எண்ணை இறக்குவது வேறு, ஆயுளை ஏற்றுவது வேறு என்பதை இவ்வாய்வுகள் கற்பித்தன. இதைக் கேட்டு, முன்னரே உண்டுவரும் மாத்திரையை எவரும் தாமாக நிறுத்திவிட வேண்டா. டயாலிசிஸ் தொடங்குமுன்பே உண்டு வந்தவர் தொடர்ந்து உண்ணலாம் என்பதே மருத்துவ நெறி.

ஆகவே யான் சொல்ல வந்தது இதுவே. டிரோபோனின், பி.என்.பி. போன்றவை இடர் எவர்க்கு மிகுதி என்று மருத்துவர்க்கு உணர்த்துவன. அவற்றை இறக்கும் மருந்து நம் கையில் இல்லை. ஆனால் எடை, உப்பு, புரதம், பாஸ்பரஸ், பொட்டாசியம், தவறாத டயாலிசிஸ் ஆகியவை நம் அடுக்களையிலும் நம் நாட்காட்டியிலும் உள்ளவை. பெரிய குறிகள் எச்சரிக்கின்றன. சிறிய குறிகளில்தான் நாம் செய்யத்தக்க பணி இருக்கிறது.

நம் சங்கத்தின்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கின்றேன். ஒன்று, டயாலிசிஸ் பெறுவோர் உள்ள ஒவ்வொரு குடும்பமும் ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும். நாள், டயாலிசிசுக்கு முன்னும் பின்னும் உள்ள எடை, குருதி அழுத்தம், மேற்சொன்ன எண்கள் ஆகியவற்றை வரிசையாக எழுதுக. எழுத நேரமில்லாதவர்க்கு எழுதித் தர யான் அணியமாக உள்ளேன். ஞாயிறுதோறும் சங்க நூலகத்தில் இருப்பேன். மற்றொன்று, தமிழ்நாட்டின் ஊர்களில் டயாலிசிஸ் செய்யும் மருத்துவமனைகளின் தொலைபேசி எண்களைச் சங்கம் திரட்டி வைத்தல் வேண்டும். 2016-இல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டத்தால் மாவட்ட மருத்துவமனைகள் பலவற்றிலும் இவ்வசதி வந்துள்ளது. நன்மைக்கோ தீமைக்கோ ஊருக்குப் புறப்படும் நம்மவர்க்கு, பயணச்சீட்டு வாங்கும்போதே டயாலிசிஸ் இடத்தையும் கேட்டு வைக்க நாம் துணை நிற்போம்.

பிறந்த ஊரைவிட்டு வந்து வாழ்பவர்க்கு உற்றார் அருகில் இல்லை. அக்குறையைத் தீர்க்கவே சங்கம் கண்டோம். மேடையில் கூடுவதற்கு மட்டுமன்றி, மருத்துவமனை வாயிலில் கூடுவதற்கும் அது பயன்படுக.